73-ஆவது காலம்

எங்கள் தொழிலில் காலம் என்றால் நேரம் இல்லை. பத்தியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லை அப்படியே வாயில் போட்டுச் சொல்லிச் சொல்லி அது ‘காலம்’ ஆகிவிட்டது. துளை அட்டை ஒன்றில் 80 காலம். முதல் 5 காலங்களில் வரிக்கு எண் போடலாம். 6-ஆவதில் ஏதாவது எழுதினால், இது போன வரியின் தொடர்ச்சி என்று அர்த்தம். 7 முதல் 72 வரை நிரல். மிச்சமுள்ள 8 காலங்களில் அட்டைக்கு வரிசை எண் குத்திக்கொள்ளலாம். கட்டு கைதவறி விழுந்தால் திரும்ப அடுக்க உதவும். நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர் அந்த எட்டை ஏறெடுத்தும் பார்க்காது. ஐ.பி.எம். 704 இயந்திரத்துக்காக ஜான் பேக்கஸும் அவர் கூட்டாளிகளும் 1957-இல் ஃபோர்ட்ரான் மொழியைக் கொடுத்தபோது வந்த ஏற்பாடு. பிறகு அட்டை ஒழிந்தது, அட்டை குத்தும் இயந்திரம் ஒழிந்தது, டெர்மினல் வந்தது. காலக் கணக்கு மட்டும் போகவில்லை.

1992-இல் பெங்களூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் நான் கைவைத்த ஒரு வரியின் கடைசி இலக்கம், ஒரு 2, 73-ஆவது காலத்தில் போய் விழுந்தது. அது அங்கே விழுந்து கிடக்கிறது என்று கண்டுபிடிக்க எங்களுக்கு மூன்று வாரம் ஆயிற்று.

அந்த ஆய்வுக்கூடத்தின் பெயர் வேண்டாம். நல்ல மனிதர்கள் இருந்த இடம். எம்.எஸ்சி. கணிதம் முடித்துவிட்டு 1985-இல் அங்கே சேர்ந்தேன். பிறர் எழுதிய நிரலை எடுத்து இன்னோர் இயந்திரத்தில் ஓட வைப்பது என் வேலை. ‘போர்ட் பண்றது’ என்போம். வீடு மாற்றுவது மாதிரிதான்: பழைய வீட்டில் ஆணி எங்கே இருந்தது என்று தெரியாமல் புது வீட்டில் காலண்டர் மாட்ட முடியாது. முப்பது வருஷம் இதைத்தான் செய்தேன். புது இயந்திரம் வந்தால் ரிப்பன் வெட்டுவார்கள், குத்துவிளக்கு ஏற்றுவார்கள், தேங்காய் உடைப்பார்கள். ஐந்தாறு வருஷத்தில் அதே இயந்திரம் பழைய இரும்பு விலைக்குப் போகும். அதில் ஓடிய நிரல் அடுத்த இயந்திரத்துக்கு வரும், அதற்கடுத்ததற்கும் வரும். நிரலுக்கு யாரும் தேங்காய் உடைத்து நான் பார்த்ததில்லை.

அப்பா கும்பகோணத்தில் ஓர் அரிசி ஆலையில் கணக்குப்பிள்ளை. பேரேட்டில் ஒரு பக்கம் நிறைந்ததும் மேலிருந்து கீழே ஒருமுறை கூட்டுவார், கீழிருந்து மேலே ஒருமுறை கூட்டுவார். இரண்டும் ஒன்றாக வந்தால்தான் அடியில் இரட்டைக் கோடு. வருஷ முடிவில் ஐந்து பைசா இடித்தால் சாப்பிட எழுந்து வரமாட்டார். “ஐயாயிரம் இடிச்சா பயமில்லடி. எங்கேயோ ஒரு வவுச்சர் விட்டுப்போச்சு, தேடினா கிடைச்சிடும். அஞ்சு பைசா இடிச்சாத்தான் பயம். ரெண்டு பெரிய தப்பு ஒண்ணு முதுகுல ஒண்ணு ஒளிஞ்சிண்டு நிக்கும்” என்பார். அப்போது எனக்கு அது ஒரு கிழவரின் பிடிவாதமாகத்தான் தெரிந்தது.

சரி, அந்த 2.

வளிமண்டலம் முழுவதையும் கணக்கிடும் ஒரு மாடல் எங்களிடம் இருந்தது. அமெரிக்காவிலிருந்து காந்த நாடாவில் வந்தது. வேறோர் இயந்திரத்தில் ஓடிக்கொண்டிருந்த அதை, இன்டெல் ஐ860 சில்லுகள் எட்டை இணைத்துக் கட்டிய ஒரு சின்ன இணை இயந்திரத்துக்கு மாற்றச் சொன்னார்கள். நிரலைப் பார்த்தால் எல்லா வரியும் 7-ஆவது காலத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும். உள்ளே எது, வெளியே எது என்று தெரியாது. நான் இளசு. சுத்தபத்தமாக இருக்கட்டும் என்று, ஒரு நிபந்தனைக்குள் இருக்கும் வரிகளை எல்லாம் மூன்று இடம் உள்ளே தள்ளினேன். காற்று எவ்வளவு நீராவி தாங்கும் என்று கணக்கிடும் வரி ஒன்று அதில் இருந்தது. நீளமான வரி. 0.622 என்ற எண்ணில் முடியும். நீராவியின் மூலக்கூறு எடையை உலர்ந்த காற்றின் மூலக்கூறு எடையால் வகுத்தால் வருவது அந்த எண். வானிலைக்காரர்களுக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும். மூன்று இடம் தள்ளியதில் கடைசி 2 எல்லை தாண்டியது. கம்பைலர் படித்தது 0.62. அதுவும் ஒழுங்கான எண்தானே. ஒரு வார்த்தை சொல்லாமல் ஏற்றுக்கொண்டது.

ஜூன் 1-ஆம் தேதி நிலவரத்தைக் கொடுத்து 30 நாள் ஓட்டினோம். ஓர் ஓட்டத்துக்கு இரண்டு இரவு. முதல் நாள் வரைபடங்கள் கண்ணுக்கு ஒன்றுபோலவே இருந்தன. 22-ஆம் நாள் வங்கக்கடலில் ஒரு காற்றழுத்தத் தாழ்வு. பழைய இயந்திரத்தில் அது ஒடிசாக் கரையில் நின்றது, புதியதில் ஆந்திரக் கரையில் நின்றது. வரைபடங்களை எடுத்துக்கொண்டு குழுத் தலைவரிடம் போனேன். பார்த்தார். “ரவுண்டிங் எரர்தான் அம்மா. லோரன்ஸ் படிச்சிருக்கியோல்லியோ?” என்றார்.

படித்திருந்தேன். அதுதான் வம்பு.

எட்வர்ட் லோரன்ஸ் எம்.ஐ.டி.யில் வானிலை ஆய்வாளர். மேசை அளவு பெரிதான எல்.ஜி.பி.-30 என்ற கணினியில் சின்னதாக ஒரு வானிலையை ஓட்டிக்கொண்டிருந்தார். 1961-இல் ஒரு நாள், பழைய ஓட்டம் ஒன்றின் நடுப்பகுதியை மறுபடி பார்க்க விரும்பி, அச்சிட்ட தாளிலிருந்த எண்களைத் திரும்பக் கொடுத்துவிட்டுக் காப்பி குடிக்கப் போனார். வந்து பார்த்தால் பழைய வானிலைக்கும் புதிய வானிலைக்கும் சம்பந்தமே இல்லை. முதலில் அவர் சந்தேகப்பட்டது இயந்திரத்தைத்தான், வால்வு ஏதோ போய்விட்டது என்று. பிறகுதான் புரிந்தது. இயந்திரத்துக்குள் இருந்த எண் 0.506127, தாளில் இடம் மிச்சம் பிடிக்க அச்சிட்டது 0.506. அந்தத் துளி வித்தியாசம் வளர்ந்து வளர்ந்து வானிலையையே மாற்றிவிட்டது.

பட்டாம்பூச்சி, சிறகடிப்பு என்று இதை வைத்து நிறையப் பேர் நிறைய எழுதிவிட்டார்கள். நிரல் எழுதுகிறவர்களுக்கு இது வைத்த ஆப்பைப் பற்றி யாரும் பேசக் காணோம். ஒரு வங்கிக் கணக்கு நிரலை வேறு இயந்திரத்துக்கு மாற்றினால், விடை பைசா சுத்தமாக அதே வரவேண்டும், வராவிட்டால் தப்பு. வானிலை நிரலை மாற்றினால் விடை அதே வராது. வரவும் கூடாது என்று நிரூபித்தே வைத்துவிட்டார்கள். அப்படியானால், விடை மாறியது இயற்கையாலா, என் கைத்தவறாலா? 22-ஆம் நாள் வரைபடத்தைப் பார்த்து அதை யாராலும் சொல்ல முடியாது. லோரன்ஸின் கண்டுபிடிப்பு எல்லாத் தவறுகளுக்கும் ஒரு நல்ல போர்வை. வீட்டில் எது நடந்தாலும் கண் திருஷ்டி என்பார்களே, அந்த மாதிரி எங்கள் கூடத்தில் எது நடந்தாலும் ரவுண்டிங் எரர்.

லோரன்ஸின் அந்தக் குட்டிக் கணினிக்கு நிரல் எழுதியவர்கள் இரண்டு பெண்கள். முதலில் மார்கரெட் ஹாமில்டன்; பிற்காலத்தில் அப்போலோ விண்கலத்தின் நிரலுக்குத் தலைமை தாங்கியவர். அவருக்குப் பின் எலன் ஃபெட்டர். 1963-இல் வந்த லோரன்ஸின் புகழ்பெற்ற கட்டுரையில் ஃபெட்டரின் பெயர் எங்கே இருக்கிறது? கடைசியில், நன்றி சொல்லும் வரியில். அதற்கும் முன்னால் போனால், உலகின் முதல் கணினி வானிலை முன்னறிவிப்பு. 1950-இல் அமெரிக்காவில் அபர்தீன் ராணுவத் தளத்தில் இருந்த எனியாக் இயந்திரத்தில் 33 நாள் இரவு பகலாக நடந்த வேலை. 24 மணி நேர முன்னறிவிப்பு ஒன்றைக் கணக்கிட ஏறத்தாழ 24 மணி நேரம் ஆனது; சுமார் 1,00,000 துளை அட்டைகள் செலவாயின. கட்டுரையில் பெயர் போட்டவர்கள் சார்னி, ஃபியோர்டாஃப்ட், ஃபான் நாய்மன். அந்தக் குழுவுக்கு எனியாக்கில் நிரல் எழுதச் சொல்லிக்கொடுத்து, எழுதியதைச் சரிபார்த்தும் கொடுத்தவர் கிளாரா ஃபான் நாய்மன். அவரும் நன்றி வரியில்தான். என் பெயரும் ஏழெட்டு நன்றி வரிகளில் இருக்கிறது, ஒன்றில் இனிஷியல் தப்பாக. குறை சொல்லவில்லை. வழக்கம் எவ்வளவு பழையது என்று சொல்கிறேன்.

(2008-இல் பீட்டர் லின்ச்சும் ஓவன் லின்ச்சும் அதே எனியாக் கணக்கை ஒரு நோக்கியா 6300 கைபேசியில் ஓட்டினார்கள். ஒரு நொடிகூட ஆகவில்லை.)

கணினியே இல்லாத காலத்திலும் இந்தத் தொழிலில் ஒருவர் இருந்தார். லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன், ஆங்கிலேயர். முதல் உலகப் போரில் பிரான்சில் காயம்பட்டவர்களை ஏற்றிச் செல்லும் ஆம்புலன்ஸ் ஓட்டிக்கொண்டே, ஓய்வு நேரத்தில் 1910 மே 20-ஆம் தேதி ஐரோப்பிய வானிலையைக் கையால் கணக்கிட்டார். ஆறு மணி நேரத்தில் காற்றழுத்தம் 145 மில்லிபார் ஏறும் என்று வந்தது. நிஜத்தில் அழுத்தம் அசையவே இல்லை. மனிதர் அதை மறைக்காமல் 1922-இல் புத்தகமாகவே போட்டார். நடுவில் 1917-இல் ஷாம்பெயின் சண்டையின்போது கையெழுத்துப் பிரதி தொலைந்து, மாதங்கள் கழித்து பெல்ஜியத்தில் ஒரு கரிக்குவியலுக்கு அடியில் கிடைத்தது. பேக்கப் எடுக்காதவர்களுக்கு நான் சொல்லும் கதை இது. ஒருவரும் திருந்தியதில்லை.

நம் ஊருக்கு வருவோம். 1987-இல் நாடெங்கும் பருவமழை பொய்த்தது. மறு வருஷம் டெல்லியில் நடுத்தரக் கால வானிலை முன்னறிவிப்புக்கென்று ஒரு தேசிய மையம் தொடங்கினார்கள். அதற்காக அமெரிக்காவிடம் இரண்டு பிராசஸர் உள்ள க்ரே சூப்பர்கணினியைக் கேட்டோம். ஒரு பிராசஸர் உள்ளதைக் கொடுத்தார்கள். க்ரே எக்ஸ்.எம்.பி./14. பெயரில் உள்ள 1 பிராசஸரின் எண்ணிக்கை. 4 என்பது நினைவகம், 40 லட்சம் சொற்கள். இன்றைய கணக்கில் 32 மெகாபைட். 8 கிகாபைட் கைபேசி வைத்திருப்பவர் சட்டைப்பையில் அதைப்போல் 256 மடங்கு இருக்கிறது. 1989-இல் ராஜீவ் காந்தி தொடங்கிவைத்த அந்த இயந்திரத்தில்தான் டி80 என்ற மாடல் ஓடி, 1994-இலிருந்து தினசரி முன்னறிவிப்புக்கு வந்தது. உலகத்தைக் கிழக்கு மேற்காக 256, வடக்கு தெற்காக 128 என்று கட்டம் போட்டால் ஒரு கட்டம் சுமார் 150 கிலோமீட்டர். சென்னையிலிருந்து விழுப்புரம் வரை ஒரே கட்டம், ஒரே மழை.

க்ரேக்காக எழுதிய நிரல் க்ரேயின் சுபாவத்தை உடம்பு முழுக்கப் பூசிக்கொண்டிருக்கும். க்ரேயில் சாதாரண எண்ணே 64 பிட். மற்ற இயந்திரங்களில் அது 32 பிட். மாறிகளை எல்லாம் இரட்டைத் துல்லியத்துக்கு மாற்றிவிட்டு நிம்மதியாக இருப்போம், நிரலுக்குள் 0.1 என்று வெறுமனே எழுதிய எண் மட்டும் 32 பிட்டிலேயே நின்று 0.1000000015 ஆகியிருக்கும். க்ரே ஒரே நேரத்தில் 64 எண்களை வரிசையாக அள்ளும் இயந்திரம்; அதனால் நீளமான சுழற்சியை உள்ளே வைத்து எழுதுவார்கள். எங்கள் ஐ860-க்கு 8 கிலோபைட் கேஷ். நீளமான சுழற்சியின் யானைப் பசிக்கு அது சோளப்பொரி. எல்லாவற்றையும் உள்வெளியாகத் திருப்ப வேண்டும். அப்புறம் நினைவகச் சிக்கனம். ஒரே இடத்தைக் காலையில் காற்றின் வேகத்துக்கும் மாலையில் ஈரப்பதத்துக்கும் வாடகைக்கு விடுவார்கள். காமன் பிளாக் என்று பெயர், ஈக்விவலன்ஸ் என்று இன்னொரு பெயர். மாறிகளின் பெயர் ஆறு எழுத்துக்கு மேல் போகாது. ஐ முதல் என் வரை உள்ள ஆங்கில எழுத்தில் தொடங்கினால் முழு எண், மற்றதெல்லாம் ரியல். கடவுளின் ஆங்கிலப் பெயர் ஜியில் தொடங்குவதால், வேறு மாதிரி அறிவிக்காதவரை கடவுள் ரியல்தான் என்பது எங்கள் வட்டத்தில் எல்லோரும் சொல்லித் தேய்ந்த ஜோக்.

இன்னொரு விசேஷம். முதல் காலத்தில் சி என்ற எழுத்தைப் போட்டால் அந்த வரி நிரல் இல்லை, மனிதர்கள் படிக்கும் குறிப்பு. க்ரேகாரர்கள் அந்தக் குறிப்புக்குள்ளேயே இயந்திரத்துக்கு ரகசியக் கட்டளை எழுதினார்கள். சி, டி, ஐ, ஆர், டாலர் என்று தொடங்கும் வரி மற்ற கம்பைலர்களுக்கு வெறும் குறிப்பு. க்ரேக்கு மட்டும் ‘இந்தச் சுழற்சியில் முன்பின் சார்பு இல்லை, தைரியமாக அள்ளு’ என்ற உத்தரவு. சார்பு இல்லை என்று எழுதியவர் சொன்னது நிஜமா என்று க்ரே பார்க்காது. எழுதியவரைத் தேடினால் வேலையை விட்டுப் போய்ப் பத்து வருஷம் ஆகியிருக்கும்.

க்ரே கிடைப்பதில் இருந்த கெடுபிடிகளால் ஊரெங்கும் இயந்திரம் கட்டத் தொடங்கினார்கள். பெங்களூர் தேசிய விமானவியல் ஆய்வகத்தில் யு.என். சின்ஹா குழு 1986-லேயே நாலு இன்டெல் 8086 சில்லுகளை இணைத்து ஃப்ளோசால்வர் செய்திருந்தது. 1988-இல் புனேயில் சி-டாக். விஜய் பட்கர் தலைமையில் மூன்று வருஷத்தில், டிரான்ஸ்பியூட்டர் சில்லுகளைக் கோத்து, பரம் 8000. பம்பாய் அணு ஆராய்ச்சி மையத்தில் அனுபம். இந்தக் கதைகளைப் பெருமையாகச் சொல்வார்கள், பெருமைதான். ஆனால் டெல்லி க்ரேயில் ஓடும் டி80-ஐ இந்த உள்ளூர் இயந்திரங்களில் ஓட்டிக் காட்ட முடியுமா என்பது அதைவிடக் கடினமான பரீட்சையாக இருந்தது. சில்லுகளை வாங்கிப் பொருத்தலாம். ஒரு பிராசஸருக்கென்று எழுதிய பல்லாயிரம் வரியை 64 பிராசஸர்களுக்குப் பங்கு பிரிப்பது அண்ணன் தம்பி சொத்துப் பிரிப்பதைவிட மோசம்.

பிரிப்பது இப்படி. உலகத்தில் 128 அட்சக் கோடுகள். வடக்கே ஒன்று, தெற்கே அதே தூரத்தில் ஒன்று என்று சேர்த்தால் 64 ஜோடி. ஆளுக்குச் சில ஜோடி. ஓர் அட்சக் கோட்டைச் சுற்றி நடக்கும் கணக்கை அந்தந்த பிராசஸர் தனியாக முடித்துவிடும், சண்டை இல்லை. அடுத்த கட்டத்தில் எல்லா அட்சங்களின் எண்களையும் கூட்டியாக வேண்டும். இங்கேதான் அப்பாவின் பேரேடு என் முகத்தில் அடித்தது.

கணினிக்கு மேலிருந்து கீழே கூட்டுவதும் கீழிருந்து மேலே கூட்டுவதும் ஒன்றில்லை. நாலு இலக்கம் மட்டும் நினைவு வைக்கக்கூடிய ஒரு இயந்திரத்தை எண்ணிக்கொள்ளுங்கள். 1000-உடன் 0.4 கூட்டினால் 1000.4, நாலு இலக்கத்துக்குச் சுருக்கினால் 1000. இன்னொரு 0.4 கூட்டினாலும் 1000 தான். சில்லறை இரண்டையும் முதலில் கூட்டினால் 0.8, அதை 1000-உடன் சேர்த்தால் 1000.8, சுருக்கினால் 1001. நிஜ இயந்திரத்தில் இது பதினைந்தாவது இலக்கத்தில் நடக்கிறது, அவ்வளவுதான். நாலு பிராசஸரில் ஓட்டினால் கூட்டும் வரிசை ஒன்று, எட்டில் ஓட்டினால் வேறு. ஒரே இயந்திரம், ஒரே நிரல், ஒரே ஜூன் 1. எத்தனை பேர் வேலை செய்தார்கள் என்பதைப் பொறுத்து 22-ஆம் நாள் தாழ்வு இடம் மாறுகிறது. குழுத் தலைவர் சொன்னது வெறும் சாக்கு இல்லை. பாதி உண்மை. பாதி உண்மையோடு மூன்று வாரம் குடித்தனம் நடத்தினோம்.

எனக்குத் தூக்கம் வராததற்குக் காரணம் அந்தத் தாழ்வு இல்லை. எட்டு பிராசஸரில் ஒருமுறை, நாலில் ஒருமுறை, ஒன்றில் ஒருமுறை என்று ஓட்டிப் பார்த்தபோது தாழ்வு மூன்று இடத்துக்குப் போனது. சரி, லோரன்ஸ். ஆனால் மாதம் முழுவதும் பெய்த மழையை உலகம் முழுக்கக் கூட்டினால், மூன்று ஓட்டத்திலும் பழைய இயந்திரத்தைவிட ஒரு துளி வேறாக, அதுவும் எப்போதும் ஒரே பக்கமாகவே சாய்ந்திருந்தது. சில்லறை தொலைந்தால் ஒருநாள் கூடும், ஒருநாள் குறையும். தினமும் ஒரே பக்கம் இடித்தால் கல்லாவில் யாரோ கைவைக்கிறார்கள். அஞ்சு பைசா.

அதன் பிறகு 30 நாள் ஓட்டத்தை விட்டேன். ஒரே ஒரு ஸ்டெப் ஓட்டி நிறுத்தி, ஒவ்வொரு சப்ரூட்டீன் வாசலிலும் எண்களைப் பதினைந்து இலக்கம் அச்சிட்டுப் பழையதோடு வைத்துப் பார்த்தேன். குழப்பம் வளர்வதற்கு ஒரு ஸ்டெப்பில் நேரமில்லை. ரவுண்டிங் என்றால் கடைசி இலக்கத்தில்தான் தெரியவேண்டும். காற்று சரி. வெப்பம் சரி. ஈரப்பதத்துக்குள் நுழைந்ததும் மூன்றாவது இலக்கத்திலேயே இடித்தது. இரண்டு நிரல்களின் பிரின்ட்அவுட்டையும் தரையில் விரித்தேன். பச்சைக் கோடு போட்ட அகலத் தாள், ஓரத்தில் துளை. ஆபரேட்டர் ஒருவர், கன்னடக்காரர், சூபர்வைசர் மேசையிலிருந்து ஒரு மர ஸ்கேலைக் கொண்டுவந்து கொடுத்தார். 72-ஆவது காலத்துக்கு நேராக அதைச் செங்குத்தாக வைத்தேன். ஸ்கேலுக்கு இந்தப் பக்கம் நிரல் எல்லாம் ஒழுங்காக நின்றது. அந்தப் பக்கம் வெள்ளைத் தாளில் தன்னந்தனியாக ஒரு 2, வாசலுக்கு வெளியே விட்ட செருப்பு மாதிரி.

தலைவர் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. காப்பி வாங்கிக் கொடுத்தார். எந்த அறிக்கையிலும் இது ஏறவில்லை. வெட்கம், எனக்குத்தான். அழகுபடுத்தப் போய் வந்த வினை. அதன் பிறகு ரொம்ப நாள் ஒருவரும் நிரலை உள்ளே தள்ளி எழுதவில்லை, 7-ஆவது காலத்தில் எல்லா வரியும் மறுபடி ஒட்டிக்கொண்டது. அழகு என்றாலே பயம் வந்துவிட்டது. தப்பான பாடத்தைக் கற்றுக்கொண்டோம் என்று இப்போது தெரிகிறது.

1994-இல் லெஸ் ஹாட்டனும் ஆண்டி ராபர்ட்ஸும் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். எண்ணெய் தேடுவதற்காகப் பூமியின் அதிர்வைப் பகுக்கும் ஒன்பது நிரல்தொகுப்புகள்; வெவ்வேறு நிறுவனங்கள் தனித்தனியாக எழுதியவை. ஒரே தரவு, ஒரே கணித முறை. கணக்குக் கட்டம் கட்டமாக நகர நகர ஒன்பது விடைகளும் விலகிக்கொண்டே போயின. முடிவில் ஓர் இலக்கம்தான் ஒத்துப்போனது. கோடிக்கணக்கில் செலவழித்துக் கிணறு தோண்டும் இடத்தை முடிவுசெய்பவை அவை. அதைப் படித்த அன்று எனக்கு ஒரு அல்ப சந்தோஷம். நான் தனியாள் இல்லை.

பயப்படாமல் அழகுபடுத்தியவர்களும் இருந்தார்கள். சின்ஹாவும் இந்திய அறிவியல் கழகத்தின் ரவி நஞ்சுண்டையாவும் அந்த டி80 மாடலை ஃபோர்ட்ரான் 90-க்கு மாற்றி எழுதினார்கள். வர்ஷா என்று பெயர் வைத்தார்கள். மழை. நிரலை ஒழுங்காகக் கட்டுவதால் மாடலின் திறனே எப்படி மாறுகிறது என்று 1999-இல் ‘கரன்ட் சயின்ஸ்’ இதழில் கட்டுரை எழுதினார்கள். நன்றி வரியில் மறைந்துகிடந்த வேலை தலைப்பிலேயே வந்து நின்றதை நான் அங்கேதான் முதலில் பார்த்தேன். வெட்டி ஃபைலில் வைத்திருந்தேன். வீடு மாறியபோது தொலைந்தது.

ஃபோர்ட்ரான் 90 வந்ததும் காலக் கட்டுப்பாடு போயிற்று. வரி 132 எழுத்து வரை எங்கே வேண்டுமானாலும் தொடங்கலாம். சி போய், குறிப்புக்கு ஆச்சரியக்குறி வந்தது.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன், என் கை அதில் அதிகம் இல்லை. இயந்திரங்கள் வந்தன, போயின. 2018-இல் புனேயில் பிரத்யூஷ், நொய்டாவில் மிஹிர். 2024-இல் அவற்றின் இடத்துக்கு அர்கா, அருணிகா. ஆறு வருஷம், சொன்னேன் அல்லவா. 2025-இல் 6 கிலோமீட்டர் கட்டத்தில் முன்னறிவிப்பு வந்துவிட்டது. விழுப்புரத்துக்கு இப்போது சொந்த மழை. உலகமெங்கும் வீடியோ விளையாட்டுக்காகப் பிறந்த ஜி.பி.யு. சில்லுகளுக்கு மாடல்களை மாற்றுகிறார்கள். சுவிட்சர்லாந்து வானிலைத் துறை 2016-லேயே மாறிவிட்டது. மையக் கணக்கை சி பிளஸ் பிளஸில் புதிதாக எழுதி, மற்றதற்குப் பழைய ஃபோர்ட்ரானில் கட்டளை வரிகளைச் செருகினார்கள். அந்தக் கட்டளை வரி எதில் தொடங்குகிறது தெரியுமா? ஆச்சரியக்குறி, டாலர். மனிதனுக்குக் குறிப்பு, இயந்திரத்துக்கு உத்தரவு. க்ரேயின் பழைய வித்தை வேறு புடவையில் வந்திருக்கிறது. ஜி.பி.யு.வுக்கு நீளமான சுழற்சிதான் பிடிக்குமாம். நாங்கள் பாடுபட்டு உள்வெளியாகத் திருப்பியதை எல்லாம் இப்போது மறுபடி திருப்புகிறார்கள்.

போன வருஷம் ஒரு பையன் போன் செய்தான். என் பழைய கூடத்தில் இப்போது இருக்கிறான், சொந்த ஊர் தஞ்சாவூர்ப் பக்கம். யாரோ என் நம்பரைக் கொடுத்திருக்கிறார்கள். “மேடம், ஈரப்பதம் சப்ரூட்டீன்ல 0.85-னு ஒரு எண் இருக்கு. மூல நிரல்ல 0.80. எந்தப் பேப்பர்லயும் இதப்பத்தி இல்ல. எடுத்தா ரிசல்ட் மாறுது. வைக்கவா எடுக்கவா?”

எனக்குத் தெரிந்திருந்தது. காற்றில் ஈரம் எவ்வளவு ஏறினால் மழை விழத் தொடங்கலாம் என்ற வாசல் அது. 1994-இல் என்னோடு வேலை பார்த்த ஒருவர் மாற்றியது. மேற்குக் கரையில் மாடல் நேரம் காலம் இல்லாமல் தூறிக்கொண்டே இருந்தது; அவர் மங்களூர்க்காரர், “எங்க ஊர்ல இப்படிப் பெய்யாது” என்று சண்டை போட்டு, 0.82, 0.85, 0.88 மூன்றையும் ஓட்டிப் பார்த்து நடுவில் உள்ளதை வைத்தார். கணக்கை கான்டீன் டோக்கனுக்குப் பின்னால் எழுதிவைத்திருந்தார். அவரும் இல்லை, டோக்கனும் இல்லை. கட்டம் 150 கிலோமீட்டராக இருந்தபோது சரியாக இருந்த எண். இப்போதைய கட்டத்துக்கு அது வேண்டுமா என்று மறுபடி ஓட்டிப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். இதை எல்லாம் அரை மணி நேரம் சொன்னேன். பையன் டைப் அடிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

“எங்க எழுதி வைக்கட்டும் மேடம்?”

“அந்த எண்ணுக்கு மேல் வரியில, முதல் காலத்துல சி போட்டு எழுதுப்பா.”

“சி எல்லாம் இப்ப கிடையாது மேடம். ஆச்சரியக்குறிதான்.”

“சரி, அதையே போடு” என்றேன்.